நெல்லைச் சீமையில் சின்ன மிரர்லெஸ் கேமரா: எங்கே, எப்போது, என்ன செட்டிங்

திருநெல்வேலிக்குக் கிழக்கே கடல், மேற்கே பொதிகை மலை. எந்த இடத்தை எத்தனை மணிக்கு எடுப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. கடல் பக்கமிருந்து வரும் காலை வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். பாறையும் மடிப்பும் தூரத்து அருவியின் வெள்ளைக் கோடும் தனித்தனியாகத் தெரியும். பத்து மணி தாண்டினால் மலைமேல் நீல மூட்டம் ஏறிவிடும், பிறகு எந்த லென்ஸ் போட்டாலும் படம் சப்பென்றுதான் வரும். சாயங்காலம் மலை வெறும் கறுப்பு விளிம்பு. ஆனால் அதன் காலடியில் கிடக்கும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்களில் எதிர்வெயில் பட்டு நெல்தாள் ஒவ்வொன்றும் ஒளிரும். கடற்கரைக்கு விடியற்காலை. ஆக மலையும் கடலும் ஒரே நேரத்தைக் கேட்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டும் போகும். மலைக்கு ஒரு நாள் காலை, கடலுக்கு ஒரு நாள் காலை என்று ஒதுக்குங்கள்.

நெல்லை சுமார் 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் சூரியன் சாய்ந்து ஏறாது, கிணற்று வாளி மாதிரி நேராக மேலே வரும். உதயம் வருஷம் முழுக்க 6 மணிக்கும் 6.40க்கும் இடையில், அஸ்தமனம் ஏறத்தாழ 6க்கும் 6.45க்கும் இடையில். உதயமானதிலிருந்து ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சம். எட்டு மணிக்கு முகங்களில் மூக்கு நிழல் விழ ஆரம்பித்துவிடும். சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். அப்போது கோபுரச் சுதைகளின் கண்கள் எல்லாம் குழியாகத் தெரியும். அந்த நேரத்தை மண்டபத்துக்குள்ளோ நெசவு வீட்டுக்குள்ளோ கழிப்பது மேல்.

பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போன் காட்டும் அஸ்தமன நேரம் சமவெளிக் கணக்கு. மலையடிவாரத்தில் வெயில் அதற்கு வெகுமுன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். போன் 6.30 என்று காட்டினால், 5 மணிக்கே இடத்தில் நில்லுங்கள்.

பையில் என்ன

சோனி ஏ6400, ஃபூஜி எக்ஸ்-டி30, நிக்கான் இசட்50, கேனன் ஆர்50, ஒலிம்பஸ் ஈ-எம்10 என்று கையடக்கமாக வரும் எந்த மிரர்லெஸ்ஸும் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) இந்தப் பயணத்துக்குப் போதும். இவற்றில் ஒலிம்பஸ் தவிர மற்ற நான்குக்கும் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி) கிடையாது. அதனால் கேமராவோடு வரும் கிட் லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மங்கலான மண்டபத்தில் இது இரண்டு மூன்று ஸ்டாப் வித்தியாசம் காட்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு, அல்லது பாதி).

லென்ஸ் இரண்டு. பகலுக்கு 16-50 அல்லது 18-55 கிட் ஜூம். இருட்டுக்கு 35 மிமீ எஃப்/1.8 அல்லது எஃப்/2 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறக்கும்). ஒலிம்பஸில் வரும் சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் என்றால் 25 மிமீ. பறவை எடுக்கக் கூந்தன்குளம் போகும் அன்றைக்கு மட்டும் டெலி ஜூம். மூன்றையும் தினமும் தூக்கினால் சின்ன கேமரா வாங்கியதே வீண். கோபுரம் முழுசாக அடங்க வேண்டும் என்று 10-18 வைட் வாங்கத் தோன்றும். அடங்கும், ஆனால் கேமராவை அண்ணாந்து பிடித்த உடனே கோபுரம் பின்பக்கம் மல்லாந்து விழுவது போல் வரும். தள்ளி நின்று, கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே வரும் தெருவையும் கடைகளையும் படத்தில் சேர்த்துக்கொண்டால் கோபுரம் நேராக நிற்கும். தெருவே படத்துக்கு அளவும் கொடுக்கும்.

பேட்டரி மூன்று. இந்த அளவு கேமராக்களுக்குச் சொல்லப்படும் கணக்கு ஒரு சார்ஜுக்கு 300 முதல் 400 படம். சீக்கிரம் தீர்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் கழுத்தில் தொங்குவதுதான். வயிற்றில் உரசும்போது வியூஃபைண்டர் பக்கத்துக் கண் சென்சார், யாரோ கண்ணை வைத்துவிட்டார் என்று நினைத்து உள்ளே திரையை எரிய விட்டுக்கொண்டே இருக்கும். நடக்கும்போது சுவிட்சை அணைத்து வையுங்கள். 24 மெகாபிக்சல் ரா படம் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்பி. 64 ஜிபி கார்டில் சுமார் 2,000 கொள்ளும். ஒரு 128க்குப் பதில் இரண்டு 64. ஒன்று கெட்டாலும் பாதிப் பயணம் மிஞ்சும்.

ஃபில்டர் மூன்று போதும்: பளபளப்பைக் குறைக்கும் போலரைசர், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடிகளான என்டி8, என்டி64. லென்ஸின் முன்விட்டம் பார்த்து வாங்குங்கள். கிட் லென்ஸ்கள் 40.5, 49, 52, 58 என்று பலவிதமாக வரும். பெரிய விட்டத்துக்கு ஃபில்டர் வாங்கி, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டால் ஒரே செட் எல்லாவற்றுக்கும் ஆகும். மிச்சம்: காற்றடிக்கும் ரப்பர் புளோயர், மைக்ரோஃபைபர் துணி, இரண்டு ஜிப்லாக் கவர், லாட்ஜில் கிடைக்கும் ஷவர் கேப், ஒரு பருத்தித் துண்டு. துண்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தலைக்கு வெயில் மறைப்பு, கேமராவுக்கு மழை மறைப்பு, பாறைமேல் கேமராவை உட்கார வைக்கத் தலையணை, எல்லாம் அதுதான்.

கிளம்பும் முன் மூன்று செட்டிங் சேமித்து வைக்க

மோடு டயலில் 1, 2, 3 அல்லது சி1, சி2, சி3 என்று இருக்கும். இல்லாத கேமராவில் மெனுவுக்குள் இருக்கும். வீட்டிலேயே இப்படி நிரப்புங்கள்.

ஒன்று, தெரு: அப்பர்ச்சர் பிரையாரிட்டி (எஃப் எண் நம் கையில், ஷட்டர் வேகம் கேமரா கையில்), எஃப்/5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100 முதல் 6400 வரை, குறைந்தபட்ச ஷட்டர் 1/250, ரா + ஜேபெக், முகம் கண்டறியும் ஃபோகஸ் ஆன்.

இரண்டு, மண்டபம்: எஃப்/2.8 (கிட் லென்ஸில் திறக்கிற வரை), குறைந்தபட்ச ஷட்டர் 1/60, ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா அளந்த வெளிச்சத்தை நாம் கூட்டுவது, குறைப்பது) மைனஸ் 0.7, ஃபோகஸ் உதவி விளக்கு ஆஃப். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று, பறவை: ஷட்டர் பிரையாரிட்டி (ஷட்டர் வேகம் நம் கையில்) 1/1600, தொடர் ஃபோகஸ், தொடர் ஷாட், இருந்தால் பறவை கண்டறிதல்.

எலெக்ட்ரானிக் ஷட்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சத்தமில்லை என்பதால் எல்லா இடத்திலும் அதையே போடத் தோன்றும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் படிப்பதால் அந்த மினுக்கல் படத்தில் குறுக்குப் பட்டைகளாக விழும். விளக்கொளியில் மெக்கானிக்கல் ஷட்டர், அதுவும் 1/50 அல்லது 1/100. ரதவீதியில் இரவு எடுக்கும்போது இது முக்கியம்: நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையின் மங்கல் வெளிச்சம், பக்கத்துக் கடைகளின் பளீர் எல்இடி, தெருவிளக்கு என்று மூன்று நிறம் கலந்து வரும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்தைக் கேமராவே சரிசெய்வது) படத்துக்குப் படம் மாறும். 3500 கெல்வினில் நிறுத்தி வைத்து, மீதியை ராவில் திருத்துங்கள். கொஞ்சம் மஞ்சள் மிஞ்சட்டும். அல்வாவுக்கு அதுதான் அழகு.

கல்லை எடுப்பது

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள்: நாகாஸ்திரம் ஏந்திய கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், குறவன், குறத்தி. ஆளுயரம் தாண்டிய உருவங்கள், தூணோடு சேர்த்து ஒரே கல்லில். நரம்பும் நகமும் விரல் மடிப்பும் செதுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். முதல் படத்தில் தெரியாது. காரணம் வெளிச்சத்தின் திசை.

மண்டபத்தின் திறந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, சிற்பத்தை நேருக்கு நேர் எடுத்தால் வெளிச்சம் உங்கள் தோளுக்கு மேலிருந்து போய்க் கல்லில் தட்டையாக விழும். நரம்பு மறைந்துவிடும். இரண்டு மூன்று எட்டு பக்கவாட்டில் நகருங்கள். வெளிச்சம் சிற்பத்தின் ஒரு கன்னத்தில் மட்டும் பட்டு, மற்ற கன்னம் நிழலுக்குப் போகும் இடம் ஒன்று வரும். அங்கே நின்று விலா எலும்பைப் பாருங்கள். ஒவ்வொரு எலும்புக்கும் அடியில் மெல்லிய நிழல் கோடு விழுந்தால் இடம் சரி. இந்தச் சாய்வெளிச்சம் காலையிலும் மாலையிலும்தான் உள்ளே வரை எட்டும்.

செட்டிங்: எஃப்/4, 1/60, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. பெரிய சிற்பத்தில் மூக்கு முன்னால், காது பின்னால் என்று ஆழம் இருப்பதால் எஃப்/1.8க்குப் போனால் மூக்கு தெளிந்து காது கலங்கும். கறுத்த கல் படச் சட்டத்தை நிறைத்தால் மீட்டர் ஏமாந்து அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். அதற்குத்தான் மைனஸ் 0.7. ஆனால் பின்னால் வெளிமுற்றம் பளீரென்று தெரிந்தால் மீட்டர் எதிர்ப்பக்கம் ஏமாந்து சிற்பத்தைக் கரியாக்கிவிடும். அப்போது முற்றம் வராத கோணத்துக்கு நகர்வதுதான் வழி. காம்பன்சேஷனைத் திருகித் தீராது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பல கைகள் தொட்டு மெருகேறிய கல்லில் அது வெள்ளைப் பொட்டாக அடிக்கும்.

கோயில் விதிகளை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை சொன்னதிலிருந்து வாசலிலேயே சோதனை இருக்கிறது. கேமராவுக்கு ஒவ்வொரு கோயிலிலும் ஒவ்வொரு நடைமுறை. சின்னதாக இருக்கிறதே, பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். அலுவலகத்தில் கேட்டு, சீட்டு உண்டென்றால் வாங்கி, எந்தப் பிராகாரம் வரை என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. ட்ரைபாட் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு நிறுத்தி, இரண்டு நொடி டைமரில் எடுத்தால் 1/15 வரை கை தாங்கும்.

பத்தமடையில் கையை எடுப்பது

சேரன்மகாதேவி சாலையில் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையில் பாய் நெய்யும் ஊர். பட்டுப்போல மடியும் மெல்லிய பாய் இங்கேதான். நெய்கிற வீடு ஒரு சன்னல், ஒரு கதவு வெளிச்சத்தில் இருக்கும். கேட்காமல் வாசலில் நின்றே டெலி லென்ஸில் எடுப்பதைவிட மோசமான தொடக்கம் வேறில்லை. கேமராவைப் பையில் வைத்துக்கொண்டே போய், "ஆச்சி, பாய் நெய்யுறதை ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேளுங்கள். வயது குறைந்தவர் என்றால் "அக்கா". ஆண்கள் என்றால் "அண்ணாச்சி", அதற்கு நெல்லையில் திறக்காத கதவில்லை. "எடுத்துக்கோங்க, மூஞ்சி மட்டும் வேண்டாம்" என்று பதில் வந்தால் நல்லதே. எடுக்க வேண்டியது கைதான்.

கை ஒரே தாளத்தில் போகும். கோரையைப் பாவுக்குள் (நீளவாக்கில் கட்டிய நூல்) செருகும், அச்சால் தட்டும், அடுத்த கோரைக்கு நீளும். முதல் ஐந்து நிமிஷம் படமே எடுக்காமல் அந்தத் தாளத்தைப் பாருங்கள். தட்டி முடித்ததும் அரை நொடி கை பாயின் மேல் நிற்கும். அந்த நிறுத்தத்தில் 1/125 போதும். நீளும்போது 1/500 வைத்தாலும் விரல் கலங்கும். 35 மிமீ லென்ஸ், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600. ஃபோகஸை விரலில் வைத்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். நெய்த பாகம் முடிந்து வெறும் பாவு தொடங்கும் ஓரத்தில் ஃபோகஸை நிறுத்தி, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்; கை எப்படியும் அங்கேதான் திரும்பி வரும். சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் உங்கள் நிழலே பாயில் விழும்.

எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். ரதவீதிப் பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் மேல்.

ஆற்றங்கரையில் இதைவிடக் கறாரான விதி: படித்துறையில் குளிக்கிறவர்களை எடுக்கக் கூடாது. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலை எடுக்கும்போது கரை ஓரம் ஆட்கள் இருந்தால் காத்திருங்கள். 1843ல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்திலிருந்து ஆற்றை எடுக்கிறவர்கள் ட்ரைபாடை நம்ப வேண்டாம். பஸ் போகும் ஒவ்வொரு தடவையும் அதிர்வு வரும். இரண்டு வண்டிக்கு நடுவில் எடுங்கள், அல்லது ஐஎஸ்ஓவை ஏற்றிக் கையிலேயே 1/250 வைத்து எடுங்கள்.

அருவி

பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. மணிமுத்தாறு அருவியும் அருகில்தான். இரண்டும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக எல்லைக்குள்; வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டித்தான் போக வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. ஃபில்டர், துணி எல்லாவற்றையும் துணிப்பையில் மாற்றிக்கொள்ளுங்கள். வாயில் திறந்த உடனே போனால் குளிக்கிற கூட்டம் வருவதற்குள் அரை மணி நேரம் கிடைக்கும்.

தண்ணீர் பட்டுநூலாக வர 1/4 நொடி போதும். இரண்டு நொடி, மூன்று நொடி என்று வைத்தால் நுரை எல்லாம் கரைந்து வெள்ளைத் துணி காயப்போட்டது மாதிரி ஆகிவிடும். கணக்கு இதுதான். நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11 வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/30 காட்டும். என்டி8 மூன்று ஸ்டாப் குறைக்கும்: 1/15, 1/8, 1/4. வந்துவிட்டது. வெயில் அடித்தால் அதே எஃப்/11க்கு 1/250 காட்டும். என்டி64 ஆறு ஸ்டாப் குறைத்து 1/4க்குக் கொண்டுவரும். எஃப்/16, எஃப்/22க்கு மூடி ஃபில்டர் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தால் இந்தச் சென்சார் அளவில் டிஃப்ராக்ஷனால் (சின்னத் துளையில் வெளிச்சம் சிதறுவது) படம் முழுக்க மழுங்கும்.

போலரைசர் ஈரப் பாறையின் பளபளப்பை எடுத்துப் பச்சையை ஆழமாக்கும். கூடவே ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் தின்னும். அதை என்டிக்கு மேல் அடுக்கினால் 16 மிமீயில் நான்கு மூலையும் கறுக்கும், 20க்கு மேல் ஜூம் பண்ணுங்கள். கேமராவைப் பாறைமேல் மடித்த துண்டில் உட்கார வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, டைமரில் எடுங்கள். அணைக்காவிட்டால் சில லென்ஸ்கள் இல்லாத ஆட்டத்தைத் தேடித் தாங்களே ஆடும். சாரல் லென்ஸில் தெறித்துக்கொண்டே இருக்கும்: டைமர் ஓடும்போதும் துணியால் மூடி, கடைசி நொடியில் துணியை விலக்குங்கள்.

குற்றாலத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் சீசனில் கூட்டமில்லாத அருவியை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஏசி காரில் இருந்து இறங்கிய உடனே லென்ஸ் மூடியைத் திறந்தால் கண்ணாடி வேர்க்கும். துடைக்கத் துடைக்க மறுபடி வேர்க்கும், உள்ளேயும் ஈரம் போகும். இறங்குவதற்கு இருபது நிமிஷம் முன்பே ஜிப்லாக் கவருக்குள் போட்டு மூடிவிடுங்கள். வேர்வை கவரின் வெளிப்புறத்தில் நிற்கும், கேமரா மெதுவாகச் சூடாகும்.

தேரியும் கடலும் காற்றாடியும்

கேமராவுக்கு உண்மையான ஆபத்து இந்தப் பக்கத்தில்தான். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேடுகள். 1986ல் மாவட்டம் பிரிந்தபின் தூத்துக்குடிக் கணக்கு, மண்ணுக்கு அது தெரியாது. மணல் துகளைச் சுற்றிய இரும்பு ஆக்சைடால் செக்கச்செவேல் என்ற நிறம். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் பெரும்பாலான மாடல்களில் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும், முன்னால் மறைக்கக் கண்ணாடி கிடையாது. தேரியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஊரிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். சென்சாரில் புள்ளி விழுந்தால் எஃப்/11க்கு மேல் வானத்தில் சாம்பல் பொட்டாகத் தெரியும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து புளோயரால் ஊதினால் பெரும்பாலும் போகும். வாயால் ஊதினால் எச்சில் பொட்டு ஒட்டும். பிறகு ஈரச் சுத்தம்தான்.

நிறம் கெடுவது இரண்டு காரணத்தால். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், "இவ்வளவு சிவப்பு இருக்க முடியாது" என்று நினைத்து மண்ணைக் காப்பிப் பொடி ஆக்கும். 5200 அல்லது 5500 கெல்வினில் பூட்டுங்கள். அடுத்து, சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகக் காட்டும்போதே சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி உடைந்திருக்கும். அப்போது மணல் அலைகளின் மடிப்பு போய், ஒரே சிவப்புச் சாயமாக நிற்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் திரையைப் போட்டு, சிவப்பு ஓரத்தைத் தொடாத வரை மைனஸ் 0.7 அல்லது 1 குறையுங்கள். மடிப்பு தெரியக் காலை ஏழு மணிக்குள் போக வேண்டும். நடக்கும்போது படம் எடுக்கப்போகும் மேட்டைச் சுற்றிப் போங்கள், இல்லாவிட்டால் உங்கள் காலடித் தடமே படத்தின் நடுவில் கிடக்கும்.

மணப்பாடு, உவரிக் கடற்கரையில் உப்பு. காற்றில் வரும் உப்புத் துளி காய்ந்து லென்ஸில் படிந்தபின் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பிறகு உலர்த்துணி. அன்றைக்கு ராத்திரியே செய்ய வேண்டிய வேலை இது. விடிகாலையில் வள்ளங்கள் கரை ஏறும்போது 1/500, தெரு செட்டிங் போதும். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள், அவர்களுக்கு அது வியாபார நேரம். மணப்பாட்டுக் குன்றின்மேல் வெள்ளைத் திருச்சிலுவை ஆலயத்தை எடுக்கும்போது பிளஸ் 0.7, இல்லாவிட்டால் வெள்ளை அழுக்குச் சாம்பலாக வரும். கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் இந்த வழியில்தான். அந்தத் திசையில் கேமராவைத் தூக்க வேண்டாம்.

பணகுடி, காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை காற்றாலைகள். வைகாசியிலிருந்து ஆவணி முடிய கணவாய்க் காற்று நிற்காது. 1/500ல் எடுத்தால் இறக்கை உறைந்து, ஓடாத காற்றாடி மாதிரி இருக்கும். 1/30 வையுங்கள், வெயிலில் எஃப்/11, ஐஎஸ்ஓ 100, என்டி8 சரியாக அங்கே கொண்டுவரும். எலெக்ட்ரானிக் ஷட்டர் இங்கே கூடவே கூடாது. சென்சாரை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடும், படத்தில் அரிவாள் மாதிரி வளைந்து நிற்கும்.

கூந்தன்குளம்

மூலைக்கரைப்பட்டிப் பக்கம். டிசம்பரில் பறவைகள் வரத் தொடங்கி ஜூன், ஜூலை வரை இருக்கும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டும். பறவைகளுக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் பறவை பறக்க வேண்டும் என்று கை தட்டுகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரக்கூடுகளுக்கு 200 மிமீயே போதும், ஏபிஎஸ்-சியில் (ஒலிம்பஸ் தவிர மற்ற நான்கு கேமராக்களின் சென்சார் அளவு) அது 300 மாதிரி. ஏரியின் நடுவில் நிற்கும் பூநாரைக்கும் பட்டைத்தலை வாத்துக்கும் அது எட்டாது. எட்டாததை வெட்டிப் பெரிதாக்குவதைவிட, கூட்டத்தையும் நீரையும் பின்னால் பனைமரங்களையும் சேர்த்து நிலக்காட்சியாக எடுப்பது இந்தக் கேமராவுக்குப் பொருத்தம். ஒன்பது மணிக்கு மேல் சூடான தரையிலிருந்து கானல் எழும்பி, டெலி படங்கள் ஃபோகஸ் சரியாக இருந்தும் கலங்கும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெளிச்ச அளவில் பலரும் தவறுவது இங்கே. இருண்ட மரத்தின் முன் வெள்ளைக் கூழைக்கடா: மீட்டர் இருட்டைப் பார்த்து ஏற்றும், பறவையின் இறகு வெளுத்துப் போகும், மைனஸ் 0.7. அதே பறவை வெளிர் வானத்தில்: மீட்டர் வானத்தைப் பார்த்துக் குறைக்கும், பறவை கரிக்கட்டை, பிளஸ் 1. பறவை எழும்பிய பிறகு டயலைத் திருக நேரம் இருக்காது, மரத்திலா வானத்திலா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் எடுக்க வருகிறவர்கள் 18 மிமீ பக்கம் ஜூம் பண்ணி, 1/250, எஃப்/8, கேமரா வாரைக் குட்டையாகக் கட்டி மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். வடத்துக்குள் நுழையாதீர்கள். சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்களின் பக்கத்தில் போகவே கூடாது. தேர் எப்போது நகரும் என்று அவர்களுக்கே நொடிக் கணக்கு. ரதவீதி மாடிகளில் ஒன்றில் அனுமதி கேட்டு ஏறினால் வடம் முழுதும் ஒரே படத்தில் வரும்.

ராத்திரி லாட்ஜில்

முதலில் கார்டைப் போனுக்கோ லேப்டாப்புக்கோ ஏற்றி, இரண்டு படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தபின்தான் அடுத்த வேலை. கார்டை அதற்குள் ஃபார்மட் செய்யாதீர்கள். இரண்டாவது நகல் வேறொரு டிரைவில் ஏறியபின், கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு லென்ஸ் மாற்றுங்கள், புளோயரால் ஒரு தடவை ஊதுங்கள். மூன்று பேட்டரியையும் சார்ஜில் போட்டு, நிறைந்ததை மேல்நோக்கியும் தீர்ந்ததைக் கவிழ்த்தும் பையில் வைக்கும் வழக்கம் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. கடைசியாகக் காம்பன்சேஷனைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுக்கு மாற்றி, மோடு டயலை ஒன்றில் நிறுத்துங்கள். தேரியின் மைனஸ் 1 அப்படியே இருந்தால் மறுநாள் காலைப் படங்கள் எல்லாம் இருண்டு வரும். உவரிக் கரையில் அரை இருட்டில் திரையைப் பார்த்தால் அது தெரியாது.